இடது மரை

அன்புள்ள பூங்கொடிக்கு,

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு தொடங்கி அரியலூர் ரயில்வே கேட் வரைக்கும், நடுவில் உள்ள முள்ளுக்காடு, ஓடை, டீக்கடை, குறுக்கே படுத்திருக்கும் நாய் உட்பட அத்தனையையும் ஒரே சைக்கிளில் கட்டி ஆண்ட சக்கரவர்த்தியும், தகரக் கொட்டகை ஒன்றின் அதிபதியும், உன்னைப் பெற்றவனுமாகிய சித்தப்பா எழுதிக்கொள்வது. உங்கம்மா சுகம். நான் அவளைவிடச் சுகம், அதுதான் அவளுக்கு வருத்தம். மெட்ராஸில் உன் ஹாஸ்டலுக்கு வருகிற கடிதத்தையெல்லாம் வார்டன் அம்மா முதலில் பிரித்துப் படிப்பார் என்று எழுதியிருந்தாய். அதனால் அவருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வணக்கம் அம்மா. பெற்ற அப்பனை ஒரு பெண் ஏன் சித்தப்பா என்று கூப்பிடுகிறாள் என்று நீங்கள் குழம்ப வேண்டாம். எங்களுடையது கூட்டுக் குடும்பம். அண்ணன் பிள்ளைகள் ஏழு பேர் சித்தப்பா சித்தப்பா என்று கத்திக்கொண்டிருந்த வீட்டில் எட்டாவதாக இவள் பிறந்தாள். வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையே அதுதான். திருத்திப் பார்த்தோம், திருந்தவில்லை. எனக்கும் அதுதான் வசதியாகப் போனது. அப்பா என்றால் கொஞ்சமாவது பொறுப்பாக இருக்க வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன் கண்ணு. உன் கடிதம் போன வியாழக்கிழமை வந்தது. வரும் திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அந்த மெட்ராஸ் கம்பெனி ஆபீசில் நீ கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் நம் பட்டறை, நம் அடிபம்ப், அதன் வரைபடம், எல்லாம் அவர்களுக்குப் போய்விடும். நம் கம்பெனி உன் பேரில் இருக்கிறது, அதனால் நான் தலைகீழாக நின்றாலும் ஒன்றும் செய்ய முடியாது. அவர்கள் நம் பம்ப்பை அப்படியே செய்வார்கள், ஒரே ஒரு மாற்றம் மட்டும். மேல் மூடியை முக்கோணத் தலை போல்ட் போட்டு இறுக்கிவிடுவார்கள். அதைத் திறக்கிற சாவி அவர்களுடைய மெக்கானிக்கிடம் மட்டும் இருக்கும். பம்ப் ரிப்பேரானால் கடிதம் போட வேண்டும், வேன் வரும். இதை நீ எனக்கு விளக்கி எழுதிவிட்டு, கடைசியில் ஒன்று கேட்டிருந்தாய். "நம்ம பட்டறை மாசம் நாலு பம்ப் செய்யுது. அவங்க நானூறு செய்வாங்க. மூடி பூட்டியிருந்தாலும் தண்ணி தண்ணிதானே சித்தப்பா? நாம பெருமை பேசிக்கிட்டு இருக்கிறதுக்காக மீதி ஊரெல்லாம் காத்திருக்கணுமா?" இதைப் படித்துவிட்டு எனக்கு ரெண்டு நாள் பேச்சு வரவில்லை. என் ஆயுளில் இப்படி நடந்ததில்லை என்பதால் உங்கம்மா பயந்துபோய், டாக்டரைக் கூப்பிடலாமா, இல்லை இப்படியே விட்டுவிடலாமா என்று தெருவில் யோசனை கேட்டிருக்கிறாள்.

பெரியப்பா, அத்தை, மாமன், டீக்கடையில் பேப்பர் படிக்கிறவர் வரைக்கும் எல்லாரும் வித்துடு என்கிறார்கள். அந்தக் கம்பெனி மேனேஜரே போன மாதம் வெள்ளைக் காரில் நம் கொட்டகைக்கு வந்தார். நல்ல மனுஷன், குறை சொல்ல மாட்டேன். உங்கம்மா கொடுத்த மோரை ரெண்டு தம்ளர் குடித்தார். பம்ப்பை மூன்று தடவை சுற்றி வந்து, பெரிய பெரிய இன்ஜினியர்களுக்குத் தோன்றாதது இது சார் என்றார். நான் அரை அடி உயர்ந்தேன், கூரைத் தகரம் தலையில் இடித்தது. அப்புறம் சட்டைப் பையிலிருந்து அந்த முக்கோணச் சாவியை எடுத்துக் காட்டினார். எதுக்குங்க பூட்டு என்று கேட்டேன். "ஜனங்க கையில விட்டா கெடுத்துடுவாங்க சார்" என்றார். "கெடுத்தாலும் அவங்க தண்ணிதானே சார்" என்றேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன், மோர் தீர்ந்துபோனதால் பேச்சும் தீர்ந்தது. ஆனால் அந்தச் சாவியைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. ஏன் என்று இதுவரை உன்னிடமும் சொல்லவில்லை, உங்கம்மாவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சொல்வதற்கு முன்னால், வழக்கம்போல் கொஞ்சம் என் பெருமையை நான் பேசிக்கொள்கிறேன். பொறுத்துக்கொள்.

அரியலூர்ப் பக்கம் மண்ணைத் தோண்டினால் சிப்பி வரும், சங்கு வரும், நத்தை கல்லாகிக் கிடக்கும். ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்ததாம். அவ்வளவு தண்ணியையும் எவனோ குடித்துவிட்டுச் சுண்ணாம்புக் கல்லை மட்டும் வைத்துவிட்டுப் போய்விட்டான். சிமென்ட் ஆலைக்காரர்களுக்கு அது கொண்டாட்டம். நமக்கு ஒரு குடம் தண்ணிக்கு ஒரு பகல் போகும். எழுபதுகளில் ஊருக்கு ஊர் ஆழமாகத் துளை போட்டு அடிபம்ப் நட்டார்கள். நட்ட நாள் மாலை மரியாதை, மறு வருஷம் அதில் ஆடு கட்டியிருப்பார்கள். உள்ளே ஒரு தோல் வாஷர், உள்ளங்கை அகலம்கூட இருக்காது, அது தேய்ந்தால் அவ்வளவுதான். அந்த வாஷரை மாற்ற வேண்டுமானால் பூமிக்குள் இருக்கிற மொத்தக் குழாயையும் முக்காலி நட்டு, சங்கிலி போட்டு, ஆறு ஆள் சேர்ந்து வெளியே இழுக்க வேண்டும். அந்த ஆறு ஆளும் முக்காலியும் திருச்சியிலிருந்து வர வேண்டும். அவர்கள் வருவதற்குள் ஒரு பெண் சடங்காகி, கல்யாணமாகி, பிள்ளையும் பெற்றிருப்பாள். நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன். ரொம்பக் கூட்டவில்லை.

அதற்கு வழி கண்டுபிடித்த மேதை நான் என்றுதான் பதினைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் கண்டுபிடித்தவள் நீ. திருவிழா முடிந்து மஞ்சத்தண்ணி ஊற்றுகிற அன்றைக்கு, உனக்குப் பத்து வயசு இருக்கும், மூங்கிலில் ஒரு பீச்சாங்குழல் செய்துகொண்டு என்னை ஓட ஓட விரட்டினாய். நடுவில் தண்ணி பீய்ச்சவில்லை. குழலை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே இருந்த குச்சியை மட்டும் உருவினாய். நுனியில் சுற்றியிருந்த துணி தேய்ந்துபோயிருந்தது. பாவாடை ஓரத்தைக் கிழித்து வேறு துணி சுற்றினாய், திரும்பச் செருகினாய், என்னிடம் இருந்த ஒரே வெள்ளைச் சட்டையில் முழுக் குழலையும் காலி செய்தாய். நான் சட்டையைப் பற்றிக் கவலைப்படவில்லை. அப்படியே மஞ்சளாக நின்றேன். குழலைத் தொடாமல் குச்சியை மட்டும் உருவலாம்! பூமிக்குள் இருக்கிற குழாய் கொஞ்சம் அகலமாக இருந்தால், அது பாட்டுக்கு உள்ளேயே இருக்கும், மூடியைத் திறந்து கம்பியை மட்டும் மேலே இழுத்தால் வாஷர் கையோடு வந்துவிடும். ஆறு ஆள் வேலையை ரெண்டு பொம்பளைகள் பேசிக்கொண்டே முடிக்கலாம். கம்பெனி உன் பேரில் இருப்பது பாசத்தால் என்று நினைத்துக்கொண்டிருந்தாய் இல்லையா? பாசமெல்லாம் இல்லை. அது நியாயம்.

கம்பெனி தொடங்கிய கதையில் ஒரு வெங்காயம் இருப்பது உனக்குத் தெரியும். வார்டன் அம்மாவுக்குத் தெரியாது, அவருக்காக எழுதுகிறேன். லைசென்ஸ் மனுவில் இரும்புத் தொழிற்சாலை என்று எழுதச் சொன்னார்கள். எனக்குத்தான் வாய்க்கொழுப்பு. தகரக் கொட்டகைக்கு எதற்குத் தொழிற்சாலை என்று, "பட்டறை வைக்க அனுமதி வேண்டும்" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தேன். வேறு ஊராக இருந்தால் பிழைத்திருப்பேன். பெரம்பலூரில் கல் அடுக்கி, குச்சி பரப்பி, கீற்றுப் போட்டுச் சின்ன வெங்காயத்தைக் காற்றாடக் கொட்டி வைக்கிறதுக்கும் பட்டறை என்றுதான் பேர். வெங்காயப் பட்டறை என்று பதிந்துவிட்டார்கள். மறு வருஷம் ஒரு அதிகாரி வெங்காயத்தைப் பார்வையிட வந்தார். எதிரே லேத் மிஷின் ஓடுகிறது, கரகரவென்று இரும்புச் சுருள் பறக்கிறது, அவர் பேப்பரைப் பார்த்துவிட்டு வெங்காயம் எங்கய்யா என்கிறார். உங்கம்மா அசரவில்லை. அடுப்படிக்குப் போய்க் குழம்புக்கு உரித்து வைத்திருந்ததைக் கிண்ணத்தோடு கொண்டுவந்து காட்டி, "மீதி வித்துப்போச்சுங்க" என்றாள். இருப்பு குறைவு என்று எழுதிக்கொண்டு போனார். இன்றைக்கும் அரசாங்கக் கணக்கில் நாம் வெங்காயம்தான். அந்த மெட்ராஸ் கம்பெனியின் வக்கீல் இதைக் கண்டுபிடித்துத் திருத்தச் சொல்லி நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். திருத்த மாட்டேன். என் வம்சத்தில் யாரும் திருந்தியதில்லை.

சரி, பெருமை முடிந்தது. இனி வருவது வேறு.

போல்ட்டில் சுற்றிச் சுற்றி ஓடுகிற பள்ளத்துக்கு மரை என்று பேர், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உலகத்தில் இருக்கிற போல்ட் எல்லாம் இடப்பக்கம் திருப்பினால் கழலும். இடது மரை வெட்டிய போல்ட் மட்டும் தலைகீழ். இடப்பக்கம் திருப்பினால் இறுகும், இன்னும் திருப்பினால் இன்னும் இறுகும். விஷயம் தெரியாதவன் தலையை முறித்தாலும் முறிப்பானே தவிரத் திறக்க முடியாது. முதல் பதினாலு பம்ப்பிலும் மேல் மூடிக்கு நான் இடது மரை போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம், அது ஜெர்மனி டெக்னிக் என்று அடித்துவிட்டேன். உண்மைக் காரணம், திறந்து பார்த்து எவனாவது நம் பம்ப்பைப் போலவே செய்துவிடுவான் என்ற பயம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது, எழுதக் கூச்சமாக இருக்கிறது. பம்ப் ரிப்பேரானால் என்னைத்தான் கூப்பிட வேண்டும். நான் சைக்கிளில் போய் இறங்குவேன், ஊரே கூடும், டீ வரும், நான் வலப்பக்கம் ஒரு திருப்பு திருப்புவேன், மூடி கழலும், பொம்பளைகள் வாயைப் பிளந்து நிற்பார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் சாப்பாடு இல்லாமல்கூட இருந்திருப்பேன். அந்த மேனேஜர் சட்டைப் பையில் வைத்திருந்தது ஏதோ புதுச் சாவி என்று நினைக்காதே. நான் அவருக்குப் பத்து வருஷம் முன்னாலேயே அதைச் செய்துவிட்டேன். என்னுடையது வெளியே தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

குரும்பலூரைத் தாண்டி ஒரு காலனித் தெரு, அங்கே அஞ்சலையை உனக்குத் தெரியும். இப்போது அவளைப் பார்த்தால் மெக்கானிக் அக்கா என்று நாலு ஊர் எழுந்து நிற்கிறது. அப்போது அவள் களை எடுக்கப் போய்க்கொண்டிருந்த ஆள். ஒரு சித்திரை மாதம் அந்தத் தெருப் பம்ப்பில் வாஷர் போய்விட்டது. பட்டறைக்கு ஒரு கார்டு போட்டிருக்கிறார்கள். நான் ஜெயங்கொண்டத்தில் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்தில் உட்கார்ந்து, தண்ணீரைக் கண்டுபிடித்தவனே நான்தான் என்கிற மாதிரிப் பேசிக்கொண்டிருந்தேன். கல்யாணம் ஒரு நாள், என் பேச்சு எட்டு நாள். உங்கம்மாவும் உன்னைக் கூட்டிக்கொண்டு அங்கேதான் இருந்தாள். பூட்டிய கதவுக்குக் கீழே கார்டு கிடந்தது. காத்துப் பார்த்துவிட்டு அந்தத் தெரு ஆம்பளைகள் எல்லாரும் சேர்ந்து ஸ்பேனருக்குப் பின்னால் ஒரு குழாயை மாட்டி மூடியைத் திருப்பினார்கள். உலகம் எந்தப் பக்கம் திருப்புமோ அந்தப் பக்கம். அது இறுகிக்கொண்டே போய் போல்ட் தலை முறிந்தது. அதற்கப்புறம் பொம்பளைகள் கல் குவாரிப் பள்ளத்தில் தேங்கிய தண்ணிக்கு இறங்கினார்கள். அஞ்சலை இடுப்பில் குடத்தோடு ஏறும்போது சறுக்கி விழுந்தாள். வலது கை முறிந்தது. களை எடுக்கிற கை.

நான் ஊர் திரும்பிய மறுநாள் அவள் பஸ் ஏறிப் பட்டறைக்கு வந்தாள். கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இடது கையால் முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்த முறிந்த போல்ட் தலையை எடுத்து மேஜையில் வைத்தாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? அது ஜெர்மனி டெக்னிக்மா என்று ஆரம்பித்தேன். அவள் கத்தவில்லை, அழவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள். "எங்க தெருவுல அத்தன பேரும் ஒரு பக்கமாத்தாண்ணே திருப்புனாங்க. ஊரு ஒலகமே அந்தப் பக்கம்தான் திருப்புது. நீங்க எந்தப் பக்கம்ண்ணே இருக்கீங்க?"

நான் இந்தப் பக்கம்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. எனக்குப் பேச்சு வராமல் போனது உன் கடிதத்தைப் படித்தபோதுதான் முதல் தடவை என்று மேலே எழுதினேன் அல்லவா, அது பொய். அதற்கு முன்னால் ஒரு தடவை இருக்கிறது. இதுதான் அது.

அந்த வாரமே பதினாலு ஊருக்கும் சைக்கிளில் போனேன். ஒவ்வொரு மூடியையும் கழற்றி, இடது மரையைத் தூக்கிப் போட்டுவிட்டு, எல்லா உலகமும் திருப்புகிற மாதிரி போல்ட் மாட்டினேன். அஞ்சலை கை கூடியதும் வந்து, ஸ்பேனரை எங்கிட்ட குடுங்க என்றாள். கொடுத்தேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, கொடுக்க எனக்கு மனசே இல்லை. அவளே திறந்துகொண்டால் என்னை யார் கூப்பிடுவார்கள்? யாரும் கூப்பிடவில்லை. ரெண்டு மாதம் எனக்கு டீ கிடைக்காமல் போனது. அவள் அந்த ஸ்பேனரை வாசல் நிலைக்கு மேலே சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள், பழைய செருப்புத் தோலில் வாஷர் வெட்டக் கற்றுக்கொண்டாள், பக்கத்துத் தெருவுக்குப் போனாள், அவளை அதற்கு முன்னால் வாசல் தாண்டி விடாத தெருவுக்கும் போனாள். அங்கே அவளுக்கு நாற்காலி போட்டார்கள். வாஷர் தேய்ந்தால் நாற்காலி தானாக வருகிறது என்று அவள் சொல்லிச் சிரிப்பாள்.

நான் பயந்தபடியே திறந்து பார்த்துச் செய்யவும் செய்தார்கள். அரியலூரில் ஒரு லேத் பட்டறைக்காரன் நம் பம்ப்பை அப்படியே உரித்து வைத்து, பச்சை பெயின்ட் அடித்து விற்றான். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்குக் கிளம்பினேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது உங்கம்மா கேட்டாள், "அவன் பம்ப்புல தண்ணி வருதா?" வருது என்றேன். "அது யாரு பம்ப்புன்னு குடத்துக்குத் தெரியுமா?" பஸ் வந்தது, நான் ஏறினேன். ஆனால் சண்டை போடவில்லை. அவன் வாஷர் உட்காருகிற இடத்தை அரை நூல் தப்பாகக் கடைந்திருந்தான், அதைச் சரியாகக் கடையச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அவன் வாங்கிக் கொடுத்த பரோட்டாவைத் தின்றுவிட்டு வந்தேன். பெயின்ட் மட்டும் சகிக்கவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன், மானம் என்று ஒன்று இருக்கிறது.

இப்போது நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். நாலா நானூறா என்றாய். எனக்குக் கணக்கு வராது, உனக்கு வரும், அதனால் நீயே போட்டுப் பார். பூட்டிய பம்ப் நானூறு ஊரில் நட்டால் நானூறு ஊர் தண்ணி குடிக்கும், ஒத்துக்கொள்கிறேன். வாஷர் தேய்கிற வரைக்கும். அதற்கப்புறம் நானூறு ஊரும் கார்டு போட்டுவிட்டு வேனுக்காக உட்கார்ந்திருக்கும். வேனில் வருகிறவன் நல்லவனாகவே இருக்கட்டும். அவனுக்கும் ஜெயங்கொண்டத்தில் ஒரு சொந்தக்காரன் இருப்பான் இல்லையா? நானூறில் எத்தனை குவாரிப் பள்ளம், எத்தனை அஞ்சலை? நம் பட்டறை மாதம் நாலுதான் செய்கிறது, சரி. அந்தப் பச்சை பெயின்ட்காரன் மூணு செய்கிறான். அவனைப் பார்த்துச் செய்கிறவர்கள் இந்த ரோட்டிலேயே இப்போது அஞ்சு பேர். இவர்களையெல்லாம் நம் கம்பெனியில் சேர்த்துத்தான் நான் எண்ணுகிறேன். அவர்களுக்கு அது தெரியாது, தெரிந்தால் அடிக்க வருவார்கள். ஊருக்கு நல்லது செய்கிற கம்பெனி என்று அந்த மேனேஜர் அட்டையில் தங்க எழுத்தில் அச்சடித்திருக்கிறார். இருக்கட்டும். நான் அந்த அட்டையை வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன், எனக்கு அதைக் கற்றுக் கொடுத்தவள் கேட்ட அதே கேள்வி. எந்தப் பக்கம் இருக்கிறாய்?

வார்டன் அம்மா, இதற்கு மேல் படிக்க வேண்டாம். குடும்ப விவகாரம்.

பூங்கொடி, நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். உன் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது என்று எழுதினேன், ஆனால் உனக்கு ஒன்றுகூட அனுப்பவில்லை. ஏன் என்று நீயும் கேட்டாய். முன்பக்கம் எல்லாம் முறைப்படி இருக்கிறது. பிள்ளையார் இருக்கிறார், முகூர்த்தம் இருக்கிறது, மாப்பிள்ளை அரியலூர் ஹைஸ்கூல் வாத்தியார் என்பது இருக்கிறது, பெரியப்பா பேர் என் பேரைவிடப் பெரிய எழுத்தில் இருக்கிறது. பின்பக்கம்தான். பின்பக்கம் வெறுமனே கிடக்கிறதே என்று, நம் பம்ப்பின் வரைபடத்தைப் பிளாக் எடுத்து முழுசாக அச்சடித்துவிட்டேன். குழாய் அகலம், கம்பி நீளம், மூடி, மரை, எல்லா அளவோடும். அச்சாபீஸ்காரர் மூன்று தடவை கேட்டார், கல்யாணப் பத்திரிகைதானே சார் என்று. எண்ணூறு அடித்தோம். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி உங்கம்மாவும் நானும் அஞ்சலையும் வீடு வீடாகப் போய் வைத்துவிட்டு வந்தோம். இந்த ரோட்டில் இருக்கிற லேத் பட்டறை ஒன்று விடவில்லை. உங்கம்மாவுக்குப் பின்பக்கம் பாதி ஊர் முடிந்த பிறகுதான் தெரியும். அன்று ராத்திரி எனக்குச் சோறு இல்லை. மறுநாள் மீதி ஊருக்கு அவள்தான் முன்னால் நடந்தாள்.

சம்பந்தி வீட்டுக்குப் போனபோது சம்பந்தி பத்திரிகையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னங்க இது, ஜாதகக் கட்டமா என்று கேட்டார். ஆமாங்க, தண்ணியோட ஜாதகம் என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார், ஏழாம் இடத்தைத் தேடினார் என்று நினைக்கிறேன். மாப்பிள்ளை வந்து வாங்கிப் பார்த்தார். கல்யாணம் நின்றுவிட்டால் உன் முகத்தில் எப்படி முழிப்பேன்? அவர் பேனாவை எடுத்து, "மாமா, வாஷரோட கனம் விட்டுப்போச்சு" என்றார். அன்று சாயங்காலம் வந்து, மிச்சமிருந்த பத்திரிகை முந்நூறிலும் தன் கையால் அந்த அளவை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவரை நீ தேர்ந்தெடுத்ததில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது, வாத்தியார்கள் பொதுவாகச் சிரிப்பதில்லை. அந்தச் சந்தேகத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஆக, நீ திங்கட்கிழமை விற்கப்போகிற ரகசியம் இப்போது ஐந்நூறு வீட்டில் சாமி மாடத்தில் மஞ்சளோடு இருக்கிறது. இதில் எனக்கு வெட்கம் இல்லை. இன்னொரு தடவை கேட்டாலும் இன்னும் பெரிய எழுத்தில் அடிப்பேன். ஆனால் ஒன்றில் வெட்கம் இருக்கிறது. கம்பெனி உன்னுடையது. பத்திரிகை உன்னுடையது. பீச்சாங்குழலும் உன்னுடையது. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் நீ வேண்டாம் என்றுவிடுவாயோ என்ற பயத்தில், உனக்குத் தெரியாமல் நானே ஒரு பக்கமாகத் திருப்பிவிட்டேன். நேற்று உட்கார்ந்து யோசித்தபோதுதான் உறைத்தது, இதுவும் ஒரு இடது மரைதான். வயசானாலும் கை பழக்கத்தை விடவில்லை. அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பத்திரிகைக்காக இல்லை, கேட்காததற்கு.

அதனால் மீதி முந்நூறையும் யாருக்கும் வைக்காமல் டிரங்குப் பெட்டியில் போட்டு, சாவியை உங்கம்மாவிடம் கொடுத்துவிட்டேன். என்னிடம் இல்லை. நீ வேண்டாம் என்று ஒரு கார்டு போட்டால், முதுகு வெறுமையாக வேறு முந்நூறு அடித்துத் தருகிறேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன், ரெண்டு நாளைக்கு மேல். திங்கட்கிழமை போ. அவர்களிடம் பத்திரிகையைக் காட்டு, நம்மிடம் விற்க என்ன மிச்சம் இருக்கிறது என்று சொல்லு. பூட்டில்லாமல் நானூறு செய்கிறோம் என்று அவர்கள் சொன்னால் ரொம்ப சந்தோஷம், ஆயிரம் செய்யட்டும், நான் போய் மேனேஜருக்கு மோர் ஊற்றுகிறேன். பூட்டோடுதான் என்றால், வித்துத்தான் ஆகணும் என்றால், அந்த வெங்காயப் பட்டறையை வித்துடு. பேப்பரில் இருப்பது அதுதானே. எது செய்தாலும் கையெழுத்து உன்னுடையது. நான் அந்த ஆபீஸ் வாசலுக்குக்கூட வர மாட்டேன், வந்தால் பேசாமல் இருக்க என்னால் முடியாது.

இதோடு அந்த முந்நூறில் ஒரு பத்திரிகையை எடுத்து வைத்திருக்கிறேன். உன் கல்யாணத்துக்கு உன்னையே அழைக்கிற ஒரே தகப்பன் நானாகத்தான் இருப்பேன். மாப்பிள்ளை கையெழுத்தைப் பார்த்துக்கொள். அளவில் தப்பிருந்தால் நீயும் திருத்து. படத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி இருக்கும். என்ன எழுதலாம் என்று அச்சாபீஸில் நின்றுகொண்டு நான் முழித்தபோது, துணைக்கு வந்திருந்த அஞ்சலை சொன்ன வரி அது. பெரிய எழுத்தில் போடச் சொன்னேன், பெரியப்பா பேரைவிடப் பெரிதாக:

வலப்பக்கம் திருப்பினால் இறுகும். இடப்பக்கம் திருப்பினால் திறக்கும். யார் திருப்பினாலும்.

உனக்குச் சித்தப்பாவாகவே இருந்துவிட்ட
உன் அப்பா